குடித்தனத்துக்கு இனி அப்டேட் கிடையாது

என் தம்பியை உலகத்துக்குச் சோபா என்று சொன்னால்தான் தெரியும். 'குடித்தனம்' விளையாட்டில் மொட்டைமாடிச் சுவரின் விளிம்பில் ஒரு சோபாவைப் போட்டு, மாமனார் மாமியார் உட்பட ஒரு குடும்பத்தையே அதில் உட்காரவைத்து டீ குடிக்கச் செய்தான். அந்த வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

அந்த விளையாட்டைச் செய்யும் கம்பெனியில்தான் எனக்கு வேலை. புரோகிராமர்களுக்கு நான் தலைவி. வீடு கட்டி, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, சம்பந்தியோடு சண்டை போட்டு, நிஜத்தில் சும்மாவே படுகிற பாட்டையெல்லாம் காசு கொடுத்துப் படுகிற விளையாட்டு அது. சோபா என் உடன்பிறப்பு என்பது ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால், உள்ளே நடப்பதை நான்தான் அவனுக்கு ஊட்டிவிடுகிறேன் என்பார்கள். ஒரு வாய்கூட ஊட்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக ஊட்டப் போனேன்.

குடித்தனத்துக்கு இனி அப்டேட் கிடையாது என்று முடிவாகியிருந்தது. வியாழக்கிழமை அறிவிப்பு. தம்பியோ பார்சல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வீடியோ போடப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தான். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அம்மாவும் சந்தோஷப்பட்டிருக்கிறாள். புது அப்டேட் வந்தால்தான் அவனுக்குப் புது வீடியோ. அது நின்றால் சோபா வெறும் பஞ்சு.

அவனுடைய ஒற்றை அறையில் எதிரொலி வராமலிருக்கச் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டியிருந்தான். கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிட்டு அந்த இடத்தில் விளக்குகளை நிறுத்தியிருந்தான். இந்தப் பயல் எங்கேதான் படுக்கிறான் என்று எரிச்சலாக வந்தது.

"வேலைய விட்டுடாதடா," என்றேன், செருப்பைக் கழற்றும் முன்பே.

"விட்டாச்சேக்கா! வெள்ளிக்கிழமையே எழுதிக் குடுத்துட்டேன். மேனேஜர் கைகுலுக்கி அனுப்பிட்டாரு. என் இடத்துக்கு வேற ஆளும் போட்டாச்சு."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தான்.

"சும்மா கலாய்க்காதக்கா. மழை அப்டேட் வருதுன்னு நீங்கதானே போஸ்டர் போட்டீங்க?"

"போட்டோம். மழை வராது. இனிமே எதுவும் வராது."

"ஏன்? நல்லா ஓடிட்டிருக்கற வண்டிய ஏன் நிறுத்தறீங்க?"

இதே கேள்விக்கு ஆபீசில் படம் போட்டு ஒரு மணிநேரம் பதில் சொன்னவள் நான். சுருக்கம் இதுதான். விளையாட்டில் யாருக்கு யார் என்ன உறவு என்று பார்த்துக்கொள்ளும் பகுதியை ஒருத்தி மட்டுமே எழுதினாள். முதலில் அம்மா, அப்பா, பிள்ளை மட்டும்தான். பிறகு ஆடுகிறவர்கள் மச்சான் கேட்டார்கள், ஓரகத்தி கேட்டார்கள், மறுமணம் கேட்டார்கள், தத்துப்பிள்ளை கேட்டார்கள். அவளும் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போனாள். இப்போது புதிதாக ஒரு நாற்காலி சேர்த்தால்கூட, அதில் யார் முதலில் உட்காரலாம் என்று அந்தப் பகுதியைத்தான் கேட்க வேண்டும். கடைசி அப்டேட்டில் ஒரு தொட்டிலைச் சேர்த்தோம். பழைய வீடுகளில் அம்மாக்கள் தாங்கள் பெற்ற பிள்ளையைப் பார்த்து "நீங்க யாரு? யாரைப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அவள் ராப்பகலாக உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள். ஆனால் அதற்குள் அதைக் கிண்டலடித்துத் தம்பியின் வீடியோ வந்துவிட்டது.

அப்டேட்டோடு போகும் குறிப்புகளை எழுதுவதும் அவள்தான். 'பூனை இனி அடுப்பின்மேல் தூங்காது' என்கிற மாதிரி எழுதி, கீழே 'பூனைக்காரி' என்று போடுவாள். ஆபீசிலும் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. தம்பி தலையில் பூனைக் காது மாட்டிக்கொண்டு, அவள் குறிப்பைக் கீச்சுக்குரலில் வாசித்துக்காட்டினான். "பெத்த பிள்ளைன்னா என்னன்னு பூனைக்காரிக்கு யாராச்சும் சொல்லிக்குடுங்கப்பா" என்று முடித்தான். அவன் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

பார்த்தவர்கள் நிஜமாகவே சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். அவள் போன் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தையில்லை. அதையும் எவனோ கண்டுபிடித்தான். அதற்குப்பிறகு வந்த அழைப்புகளில் என்ன சொன்னார்கள் என்று என்னால் எழுத முடியாது. ஆபீஸ் பாத்ரூமில் அவள் அழும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "யாருக்கா அவன்? நான் அவனுக்கு என்ன பண்ணேன்?" என்று கேட்பாள். தெரியாது என்று தலையாட்டுவேன். பிறகு ஒருநாள் அவள் வேலையை விட்டுவிட்டாள். அவள் போட்ட முடிச்சுகளை அவிழ்க்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை தம்பி சுவரிலிருந்த அட்டையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

"நான் தமாஷுக்குத்தானேக்கா சொன்னேன்."

"அடக்கி வாசிடான்னு அப்பவே சொன்னேன்ல?"

"நீ எப்பவும் அப்படித்தானே சொல்லுவ! அவங்களுக்குக் குழந்தை இல்லைன்னு எனக்கெப்படித் தெரியும்?"

அது உண்மைதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கீறிய அட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "அவங்க வந்து ரெண்டு மாசம் மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுத்தா?"

முதலாளியும் இதையேதான் கேட்டார். முடியும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அறிவிப்பை நிறுத்திவிடுகிறேன் என்றார். முடியாது என்று சொன்னவள் நான். அவளைத் திரும்ப அந்தச் சேற்றுக்குள் இழுக்க மனம் வரவில்லை.

"அவ வந்தா முடியும்," என்றேன்.

"போன் போடுக்கா. கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன். நிஜமா."

ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவள் நான். முட்டை அட்டைகளுக்கு நடுவே, வேலையும் இல்லாமல் படுக்கையும் இல்லாமல் நின்றவனைப் பார்த்ததும் புத்தி கெட்டுப்போனது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். போட்டேன்.

"அக்கா! சொல்லுங்கக்கா!" அவள் குரலில் அத்தனை சந்தோஷம். "நல்லா இருக்கேன்க்கா. இப்பல்லாம் ராத்திரி தூக்கம் வருது. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்மா. ஒரு விஷயம். ஒருத்தர் உன்கிட்டப் பேசணும்னு..."

நான் முடிக்கவில்லை. எங்கே தைரியம் போய்விடுமோ என்று தம்பி போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"மேடம், வணக்கம் மேடம். நான் வந்து..."

அவ்வளவுதான் பேசினான். பெயர்கூடச் சொல்லவில்லை.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும்," என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "போனை அக்காகிட்டக் குடுங்க."

சுட்டது போல அதை என் கையில் திணித்தான்.

"அக்கா, இந்த ஆள் எப்படி உங்ககூட இருக்கான்?"

சொல்வதற்குப் பொய் ஒன்றும் கிடைக்கவில்லை. "என் தம்பி," என்றேன்.

"தம்பின்னா?"

"கூடப் பொறந்தவன்."

"பாத்ரூம்ல என் கையைப் புடிச்சிட்டு நின்னீங்களே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்மா."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "சரிங்க," என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "வருவாங்களாக்கா?" என்று கேட்டான். ஓங்கி அறையலாம் போலிருந்தது. அறைவதென்றால் முதலில் யாரை அறைவது என்று தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வியாழக்கிழமை அறிவிப்பை நான்தான் எழுதினேன். தொழில்நுட்பக் காரணங்களால் குடித்தனத்துக்கு இனி அப்டேட் வராது என்று போட்டேன். அப்படித்தான் எல்லாரும் எழுதுவார்கள். இப்போது வேறு எந்தக் கம்பெனியாவது அதே வரியை எழுதியிருந்தால், அங்கே யார் யாருக்குத் தம்பியோ என்று நினைத்துக்கொள்கிறேன்.