ஐந்து நிமிட எரிச்சல்

பியூட்டிஷியன் அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, முடியைப் பின்னுக்கு இழுத்துப் பட்டை கட்டினாள். முப்பத்தாறு வயதில் அவளுக்கு இது முதல் ஃபேஷியல். நாளை காலை அவளைப் பார்க்க ஒருவர் வருகிறார். மனைவியை இழந்தவர். ஆறு வாரமாகப் போனில் பேச்சு. நேரில் பிடித்துவிட்டால் அடுத்த மாதம் கல்யாணம்.

கூட வந்த அண்ணி கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இங்கே வாடிக்கையாக வருபவள்.

“முகத்துக்கு மருந்து ஏதாச்சும் போடறீங்களாக்கா?” என்றாள் பியூட்டிஷியன்.

பருவுக்கு டாக்டர் கொடுத்த களிம்பு. நான்கு மாதமாக இரவில் போடுகிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

“மருந்தா? வெறும் சோப்புதாம்மா.”

மாதாமாதம் அந்தக் களிம்பை வாங்கி வருவதே அண்ணிதான். தன் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று அவள் நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் க்ளென்சர். பிறகு ஆவி. பிறகு வளையக் கம்பியால் மூக்கோரம் அழுத்தி, கரும்புள்ளி ஒவ்வொன்றாக. கண்ணில் நீர் வந்தது.

“மூக்கா இது, எள்ளு வயலா?” அண்ணி சிரித்தாள்.

“உங்க மாமியார் இன்னும் படுக்கையிலதானாக்கா?” என்று அண்ணியைக் கேட்டாள் பியூட்டிஷியன்.

“ஏழு வருஷமா. எல்லாம் இந்தப் பாப்பாதான் பாத்துக்கறா. அவ போயிட்டா என் தலையிலதான் விடியும்.”

பியூட்டிஷியன் தூரிகையால் எதையோ குளிர்ச்சியாகப் பூசினாள். “இது பீலிங். செத்த தோலை எடுத்துடும். கொஞ்சம் எரியும், பயப்படாதீங்க.”

எரிந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

“ரொம்ப எரியுதுங்க.”

“எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்,” என்றாள் அண்ணி.

“மூணு நிமிஷம் ஆச்சு. எடுத்துடட்டுமாக்கா?”

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டும். நாளைக்குப் பளிச்சுன்னு தெரிய வேணாமா? தாங்கிக்குவா. அவ தாங்காததா?”

துடைத்தபோது இடது கன்னத்துத் தோல் துணியோடு வந்தது.

பியூட்டிஷியனின் கை நின்றது. “உண்மையச் சொல்லுங்க. எதையாச்சும் போடறீங்களா?”

“ராத்திரி, பருவுக்கு ஒரு களிம்பு.”

“ஐயோ! அதைப் போடறவங்களுக்கு இது ஆகவே ஆகாதே. களிம்பு அட்டையிலயே எழுதியிருக்குமே!”

“அது பொடி எழுத்தும்மா,” என்றாள் அண்ணி. “ஆற எத்தனை நாளாகும்?”

“மூணு வாரமாச்சும். கறுத்தும் போகும்.”

அண்ணி எழுந்து வந்தாள். முகத்திலிருந்த ஈரத்துணியை விலக்கிப் படம் எடுத்தாள்.

“வேணாம் அண்ணி.”

“மறைச்சோம்னு பேரு வரக்கூடாது பாப்பா.”

நாளை வரவிருந்தவருக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. உரக்கப் படித்தாள்: “உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். உங்கள் நாத்தனாருக்கு நல்ல இடம் அமையட்டும்.”

பியூட்டிஷியன் ஈரத்துணியை மறுபடி கன்னத்தில் வைத்தாள்.

“தங்கமான மனுஷன்,” என்றாள் அண்ணி. “ஒரு வார்த்தை குறை சொல்லல பாரு.”

அவளுக்கென்று கலக்கிய மாஸ்க், கிண்ணத்தில் இறுகத் தொடங்கியிருந்தது. அண்ணி அதை எட்டிப் பார்த்தாள்.

“வீணாக்காத. எனக்குப் போட்டு விடு.”

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். அண்ணி ஏறிப் படுத்தாள். கண்களின் மேல் பஞ்சு வைக்கப்பட்டது.

“நீ கிளம்பு பாப்பா,” என்றாள், உதடு அதிகம் அசையாமல். “மூணு மணிக்கு அத்தையத் திருப்பிப் படுக்க வைக்கணும்.”