ஒரு மணி நேர நல்ல பிள்ளை

என் தங்கை மகளைத் தெருவில் எல்லோரும் 'புயல்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழு வயதுக் குழந்தைக்கு வைக்கிற பேரா அது? ஆனால் கோபம் தலைக்கேறினால் அவள் நாற்காலியை எறிவாள், எதிரில் இருப்பவரைக் கடிப்பாள். அப்புறம் கடித்த கையையே தடவிக்கொடுத்து அழுவாள். டாக்டர் இதற்கு நீளமாக என்னவோ பேர் சொன்னார். வளர்த்த விதத்தில் குறையில்லை என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

தங்கையும் நானும் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். அவள் புருஷன் லாரியோடு கிளம்பினால் மாசக்கணக்கில் தலை தெரியாது. பள்ளியிலிருந்து பாதி நாளில் போன் வரும், பிள்ளையை அழைத்துப்போங்கள் என்று. தங்கை போட்டது போட்டபடி ஓடுவாள். துணி மடிக்கிற மேசைக்கு அடியில் மகளை உட்காரவைத்து, கழுத்து வரைக்கும் கனமான போர்வைகளை அடுக்குவோம். பாரம் ஏற ஏற அடங்கித் தூங்கிப்போவாள்.

போன மாதம் வகுப்பில் ஒரு சிறுமியின் தோளில் இவள் பல் பதிந்துவிட்டது. அந்தத் தாய் பள்ளிக்கு வந்து கத்தித் தீர்த்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தால் பள்ளியை இரண்டாக்கியிருப்பேன். தலைமையாசிரியை முடிவாகச் சொல்லிவிட்டார். இவள் பக்கத்திலேயே உட்கார ஒரு துணை ஆசிரியை கிடைத்தால் வைத்துக்கொள்வார்களாம், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதானாம். துணை ஆசிரியையைத் தருவது கல்வி அலுவலகம். அங்கிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்து வகுப்பில் ஒரு மணி நேரம் இவளைக் கவனிப்பார். தேவை என்று அவர் சொன்னால் ஆள் உண்டு.

இங்கேதான் எங்கள் புத்தி புல் மேயப் போனது. பெரிய மனுஷி வருகிறாள் என்றால் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைவாரி, அடக்கமாக உட்கார் என்றுதானே சொல்வோம்? மேசையடியில் ஒரு வாரம் பழக்கினோம். தங்கை டீச்சர், நான் அதிகாரி. கை மடியில், கால் தரையில். அசையாமல் இருந்தால் துணி வண்டியில் வைத்துக் கூடம் முழுக்கத் தள்ளுகிறேன் என்று ஆசை காட்டியதும் நான்தான். நல்ல பிள்ளை என்று கண்டால்தானே உதவ மனசு வரும் என்று நினைத்தோம்.

அதிகாரி அம்மா வந்த அன்றைக்கு வராந்தா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். கை மடியிலேயே இருந்தது. பக்கத்துப் பையன் அவள் பென்சிலைப் பிடுங்கினான். அவள் நெற்றியில் வேர்த்தது. கை மட்டும் அசையவில்லை. தங்கை என் தொடையைக் கிள்ளினாள். பெருமையில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அதிகாரி அம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"தங்கமான பிள்ளைம்மா. இவளுக்கு எதுக்குத் துணை ஆள்? நெஜமாவே முடியாத பிள்ளைங்க எத்தனையோ பேர் காத்துட்டு இருக்காங்க."

தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் சொல்லிக்கொடுத்து உட்காரவைத்தோம் என்று ஆரம்பித்து, கடித்தது, எறிந்தது எல்லாவற்றையும் கொட்டினாள். பெற்ற தாய் தன் பிள்ளை பொல்லாதது, நம்புங்கள் என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறீர்களா? நான் முழங்கையை மடக்கி, அவள் கடித்த தழும்பைக் காட்டினேன். அந்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். கண்ணால் கண்டதைத்தான் எழுத முடியும், இனி அடுத்த வருஷம்தான் முறை வரும் என்றார். தலைமையாசிரியை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார்.

சலவைக்கூடத்துக்குத் திரும்பியதும் தங்கை அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. குழந்தை வந்து என் சேலையை இழுத்தாள்.

"பெரியம்மா, நான் ஆடவே இல்ல, பாத்தியா? கடிக்கணும்னு வந்துச்சு. முழுங்கிட்டேன்."

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். வரிசையாக நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. மடியில் வைத்த கையை அவள் அப்படித்தான் அடக்கியிருக்கிறாள்.

வாக்கு வாக்குதானே. வண்டியில் தூக்கி உட்காரவைத்துத் தள்ளினேன். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கும் ஸ்கூல்ல இப்படியே இருக்கேன். நாளைக்கும் தள்ளுவியா?"

தள்ளுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?