பிரெஞ்சு கீபோர்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்த கையோடு அலெக்சி பிரவுசிங் சென்டருக்கு வந்துவிட்டான். மாதா கோயிலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. பூத்துவாலையில் சுற்றிய கீபோர்டை, குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தான். கமலக்கண்ணன் அப்போது ஏழாவது மெஷினுக்கு அடியில் தலையை விட்டு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தான். முதலில் அவன் கண்ணில் பட்டது அலெக்சியின் ஷூ. பாரீசிலிருந்து அவன் மாமா வாங்கி அனுப்பிய ஷூ. அதைப் பார்த்ததுமே கமலக்கண்ணனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. காலைப் பார்த்தே இப்படியென்றால் முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், அவன் இன்னும் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

புதுச்சேரி மிஷன் வீதியிலிருந்து பிரிகிற ஒரு சின்ன வீதியில் கோவிந்தராசுவின் சென்டர் இருந்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பேக்ஸ். 2004ஆம் வருடம் அது. கம்ப்யூட்டரில் ஆடும் கால்பந்துக்கு முதன்முதலாக அகில இந்தியப் போட்டி வைக்கப்போகிறோம், ஊர் ஊராக ஆட்டம் நடத்தி ஜெயித்தவனை மும்பைக்கு அனுப்புங்கள் என்று அந்த பேக்ஸில்தான் தாள் வந்தது. மும்பையில் ஜெயித்தால் அடுத்தது பிரேசில். அங்கே இந்த ஆட்டத்துக்கு ஏற்கெனவே தேசியப் போட்டி நடக்கிறதாம், ஜெயித்தவனைத் தெருவில் நிறுத்திக் கையெழுத்து வாங்குகிறார்களாம். நம்மூரில் அவனைத் தெருவில் நிறுத்தினால் ‘உனக்கு வேற பொழப்பே இல்லியா’ என்றுதான் கேட்பார்கள். இருந்தும் முப்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். மூன்று ஞாயிறு ஆட்டத்துக்குப் பிறகு இன்றைய கடைசி ஆட்டத்துக்கு மிஞ்சியது இரண்டு பேர். சென்டரில் வேலை பார்க்கிற கமலக்கண்ணன், அவனுடைய சிநேகிதன் அலெக்சி.

கமலக்கண்ணனுக்கு ஊர் பாகூர்ப் பக்கம். அப்பா ராமலிங்கம் கரும்பு வைக்கிறவர். மகன் டவுனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். சென்டரைத் திறந்து பெருக்கி, மெஷின்களைத் துணி போட்டுத் துடைப்பதும் அந்தக் கம்ப்யூட்டர் வேலையில் அடக்கம் என்பது அவருக்குத் தெரியாது. ஆட்கள் வராத நேரத்தில் ஆடி ஆடித்தான் அவன் இந்த ஆட்டத்தைக் கற்றான். எட்டு மாதத்துக்கு முன்னால் மெயில் அனுப்ப வந்த அலெக்சிக்கு, பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து அதைச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். நான்கே மாதத்தில் அலெக்சி அவனை ஜெயித்தான். அதுகூடப் பரவாயில்லை. ஜெயித்துவிட்டு, “அலே, டீ சாப்ட்டு வரலாம் வாடா” என்று பிரெஞ்சைக் கலந்து சொல்லிவிட்டு எழுந்துபோனான் பாருங்கள், அதைத்தான் கமலக்கண்ணனால் தாங்க முடியவில்லை. ஜெயித்ததை ஒரு பொருட்டாகவே அவன் எடுத்துக்கொள்ளவில்லை. எதற்கு எடுத்துக்கொள்வான்? அப்பா மார்செல் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பையனுக்குப் பிறந்த அன்றே பிரெஞ்சு நேஷனாலிட்டி. அடுத்த வருஷம் விமானம் ஏறப்போகிறான். போகிற இடமெல்லாம் அவனுக்குக் கதவு திறந்தே இருக்கும். கமலக்கண்ணனுக்குத் திறந்திருந்தது இந்த ஒரு கதவு. அதிலும் அலெக்சி முன்னால் வந்து நின்றுகொண்டான்.

கடைசி நான்கு மாதமாக அலெக்சி வீட்டிலேயே சொந்தக் கம்ப்யூட்டரில் ஆடிப் பழகினான், அதில் இருந்தது பிரெஞ்சு கீபோர்டு. அதில் சில எழுத்துகள் இடம் மாறி இருக்கும். நம் கீபோர்டில் ‘இசட்’ இருக்கிற மூலையில் அதில் ‘டபிள்யூ’ உட்கார்ந்திருக்கும். இந்த ஆட்டத்தில் டபிள்யூவை அழுத்தினால் பந்து இரண்டு ஆட்களுக்கு நடுவே ஊசியில் நூல் கோத்த மாதிரிப் போகும். அலெக்சியின் உயிரே அந்தப் பாஸில்தான் இருந்தது. வீட்டில் பழகியது அது என்பதால் அவன் விரல் கண்ணை மூடிக்கொண்டு அந்த மூலைக்குத்தான் போகும். போன மூன்று வாரமும் எதிரில் ஆடியவர்கள் கற்றுக்குட்டிகள், அதனால் எதை வைத்தும் சமாளித்துவிட்டான். இன்றைக்கு அப்படி முடியாது என்று கீபோர்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தான்.

கோவிந்தராசு கல்லாவிலிருந்து எட்டிப்பார்த்தார். பேக்ஸில் வந்த இங்கிலீஷ் தாளை அன்றைக்கே கமலக்கண்ணன் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியானவர் அவர்.

“டேய் கமலா, இந்த தம்பி சொந்த கீபோர்டு எட்தாந்துகிறாரு. ரூல்ல இதுக்கு எடம் இருக்குதா?”

இருந்தது. நான்காவது விதி. ஆடுகிறவர்கள் தங்கள் கீபோர்டையும் மவுசையும் கொண்டுவரலாம், கீபோர்டுக்கு ஏற்ற மொழியை மெஷினில் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் மற்ற செட்டிங்கை மட்டும் தொடக் கூடாது. தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியபோது கமலக்கண்ணன் இதை விட்டுவிட்டான். அப்போது மனதில் கள்ளம் கிடையாது. இந்த ஊரில் யார் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று நினைத்தான், அவ்வளவுதான். இப்போது மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையில் இருந்த தூசியைத் தட்டினான். அந்த ஷூவை இன்னொரு தரம் பார்த்தான்.

“ரூல்ல இல்லண்ணே. எல்லாரும் இங்க இருக்கறதுலதான் ஆடணும்.”

சென்டரில் ஜெராக்ஸ் எடுக்கிற சரிதா மெஷின் பக்கத்திலிருந்து நிமிர்ந்தாள். அந்த பேக்ஸ் தாளை இரண்டு காப்பி எடுத்துக் கோப்பில் வைத்தவள் அவள். ஆனால் மெஷினில் தாள் அடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

“வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் தம்பி. சும்மா ஆடு,” என்றார் கோவிந்தராசு.

“அப்ப சரி. நீ சொன்னா சரிதாண்டா,” என்றான் அலெக்சி. துவாலையைப் பிரிக்காமலே கீபோர்டைக் கல்லா மேல் வைத்தான்.

ஆட்டம் தொடங்கியது. அலெக்சி பிரான்சை எடுத்தான், கமலக்கண்ணன் பிரேசிலை. பத்தாவது நிமிஷத்திலேயே அலெக்சியின் ஆள் கோலுக்கு நேரே ஓட, அந்தப் பாஸ் விழவேண்டிய இடத்தில் விழவில்லை. விரல் பழக்கப்படி மூலைக்குப் போனது. அங்கே இருந்தது இசட், அதற்கு இந்த ஆட்டத்தில் எந்த வேலையும் இல்லை. பந்து காலிலேயே நின்றது, கமலக்கண்ணன் பறித்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அலெக்சியும் சிரித்தான். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. பிறகு கீழே குனிந்து கீயைப் பார்த்துப் பார்த்து அழுத்த ஆரம்பித்தான். பார்த்து அழுத்துகிறவன் திரையைப் பார்க்க முடியாது. அப்படியும் ஒரு கோல் போட்டுவிட்டான் என்றால் அவன் எப்பேர்ப்பட்டவன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று கமலக்கண்ணன் ஜெயித்தான்.

குற்ற உணர்ச்சியில் அவன் நெஞ்சு கனத்தது என்று எழுதத்தான் ஆசை. பொய் சொல்லக் கூடாது. அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கோவிந்தராசு கை கொடுத்தபோதும், பையன்கள் முதுகில் தட்டியபோதும், பாகூருக்குப் போன் போட்டு “நான்தாம்பா பஸ்ட்டு” என்று கத்தியபோதும் அது குறையவில்லை. அலெக்சி வந்து கட்டிப்பிடித்து, “செமயா ஆடுன மச்சான். மமான் கறி ஆக்கி வெச்சிருக்காங்க, ஊட்டுக்கு வா” என்று இழுத்துக்கொண்டு போனபோதுதான் கொஞ்சம் குறைந்தது. அன்று மதியம் அலெக்சியின் அம்மா ஜொசியான் ஆட்டுக்கறியை அள்ளி அள்ளி வைத்தார். மார்செல் எழுந்து நின்று அவன் தலையைத் தொட்டு ‘ப்ராவோ’ என்றார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறவனைப் பற்றி ஊரில் கேள்விப்பட்டிருக்கிறான். ரெண்டகத்தை முதலில் செய்துவிட்டுப் பிறகு போய் உண்கிறவனைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலை, சென்டரில் ஆள் வருமுன், சரிதா சொன்னாள். “நாலாவது ரூல நான் படிச்சன் கமலு.”

“தெரிதுல்ல? அங்கியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருப்பன். உங்க அப்பாரு உன்னப் பத்தி ஊரெல்லாம் சொல்லிவெச்சிருக்கறது ஞாபகம் வந்துச்சி.” கொஞ்சம் நின்று, “நீ அவன நேராவே ஜெயிச்சிருப்ப. அது உனுக்குத் தெர்ல பாரு,” என்றாள்.

அந்த வார்த்தை அவனைப் பிறகு தூங்கவிடவில்லை. ஜெயித்திருப்பேனா? இனி எந்தக் காலத்திலும் அது தெரியப்போவதில்லை.

அலெக்சி சும்மா இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். “நானும் மும்பைக்கு வரேன். நீ ஆடறத பாக்க ஒரு ஆளாவது வேணாமா?” என்று கிளம்பிவிட்டான். கமலக்கண்ணன் பதறிப்போனான். பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள் என்று அடுத்த பொய்யைச் சொன்னான். அலெக்சி மும்பை நம்பருக்கு அவனாகவே போன் போட்டு விசாரித்துவிட்டு வந்தான். “உடுவாங்களாம்டா. பின்னாடி சேர் போட்டிருக்காங்களாம்.” ரயிலில் ஒன்றரை நாள் எதிர் சீட்டில் உட்கார்ந்து, பிரேசிலில் அவனுக்குப் பேச ஆள் கிடைப்பார்களா, போர்த்துகீசும் பிரெஞ்சும் கொஞ்சம் ஒட்டுமாமே, நான் நாலு வார்த்தை சொல்லித்தரட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். நல்லவனாக இருப்பதற்கும் வசதி வேண்டும் போலிருக்கிறது என்று கமலக்கண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இவன் ஒரு தடவையாவது கெட்டவனாக இருந்து தொலைக்கக் கூடாதா என்று இருந்தது.

மும்பையில் பெரிய கல்யாண மண்டபம் மாதிரி ஒரு ஹால். குளிரூட்டி போட்டிருந்தார்கள். நாற்பது மேஜை, நாற்பது மானிட்டர், ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப் பெயர் எழுதிய அட்டை. பாண்டிச்சேரி என்று இங்கிலீஷில் எழுதிய அட்டைக்கு முன்னால் கமலக்கண்ணன் உட்கார்ந்தான். அதே வெள்ளைச் சட்டையில் அலெக்சி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்து மேஜையில் கல்கத்தாவிலிருந்து வந்தவன் பையைத் திறந்து தன் கீபோர்டை எடுத்தான். அதற்கு அடுத்த மேஜைக்காரனும் எடுத்தான். எதிர் வரிசையில் ஒருத்தன் சட்டையில் சுற்றிக்கொண்டு வந்திருந்ததை எடுத்து, ஊதித் துடைத்து, மேஜையில் ஏற்கெனவே இருந்ததைத் தள்ளி வைத்தான். ஹால் முழுக்க ஜிப் திறக்கிற சத்தம்.

தோளில் இருந்த கை அப்படியே இருந்தது. அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

“எல்லாரும் எட்தாந்திருக்காங்களே,” என்றான் அலெக்சி.

கமலக்கண்ணன் திரும்பவில்லை.

“உனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அன்னிக்கே தெரியுமா?”

“அன்னிக்கேதான்.”

மைக்கில் யாரோ இந்தியில் ஏதோ சொன்னார்கள். அலெக்சி குனிந்து, காதுக்குப் பக்கத்தில், கோபமே இல்லாத குரலில் சொன்னான்.

“கேட்டிருந்தா உட்டுக் குடுத்திருப்பேனேடா.”

கமலக்கண்ணனுக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பான். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். விட்டுக் கொடுத்திருப்பானாம். மிச்சம் மீதியை இலையில் வைத்துத் தள்ளுகிற மாதிரி, மும்பையையும் பிரேசிலையும் இவன் தள்ளியிருப்பான், நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பேன்.

“அதாண்டா,” என்றான். “அதுக்குத்தாண்டா கேக்கல. உங்கிட்ட வாங்கி வாங்கியே நான் செத்துட்டன்.”

தோளிலிருந்து கை எடுக்கப்பட்டது. சிவப்புப் பனியன் போட்ட ஒருவர் வந்து, கூட வந்தவர்கள் எல்லாம் பின்னால் போக வேண்டும் என்று கையைக் காட்டினார். அவரே கமலக்கண்ணனின் தலையில் ஹெட்போனை மாட்டி, ஆட்டம் முடியும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் தோற்றதாகக் கணக்கு என்று விரலை ஆட்டிச் சொன்னார். ஹெட்போனுக்குள் ஹாலின் சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. தன் மூச்சு மட்டும் கேட்டது.

ஆட்டம் ஏறுவதற்கு முன் திரை ஒரு நிமிஷம் கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்பில் பின்னால் இருந்த நாற்காலி வரிசை தெரிந்தது. டியூப் லைட்டுகள், தலைகள், குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா, எழுந்து வாசல் பக்கம் நடக்கிற யாரோ ஒருவன். வெள்ளைச் சட்டையா, என்ன சட்டை என்று தெரியவில்லை. கமலக்கண்ணன் மானிட்டர் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவு முன்னால் குனிந்து, ஒவ்வொரு தலையாகத் தேடினான். மூன்றாவது வரிசையின் ஓரத்துக்குக் கண் போய்ச் சேர்வதற்குள், பச்சைப் புல் மைதானம் பளீரென்று எரிந்து, பின்னால் இருந்த அத்தனை பேரையும் மறைத்துக்கொண்டது.