நாற்பத்தொன்றாம் இலக்கக் கடிதத்துக்குப் பதில்

அந்தச் செவ்வாய்க்கிழமை மேசையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். யன்னல் பக்கத் தலைப்பில் டொக்டர் நவரத்தினம். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படும் கதிரையில் தாதி ஐறீன். இடப்பக்கம், தபாற்பெட்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி கொன்ஸ்ரன்ரைன். கதவோரம், தட்டச்சுப் பொறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான்.

எங்கள் நிலையம் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் இருந்தது. எயிட்ஸ் பற்றிய பயமும் சந்தேகமும் உள்ளவர்கள் பெயர் போடாமல் எழுதிக் கேட்கலாம். கொன்ஸ்ரன்ரைன் உறையைப் பிரித்து, கடிதத்துக்கும் உறைக்கும் ஒரே இலக்கம் போட்டு, பதில் விலாசம் உள்ள உறையைப் பெட்டியில் வைத்துவிடுவார். நான் உரக்க வாசிப்பேன். டொக்டர் பதிலைச் சொல்வார். மத்தியானத்தோடு அவர் கொள்ளுப்பிட்டிக்குப் போக வேண்டியிருந்ததால் வெறும் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தருவார். அந்தத் தாளில் நான் தட்டச்சுச் செய்து அனுப்புவேன். திகதி, விளிப்பு, விடயம், பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள்.

நான் இங்கே வேலை செய்வது வெள்ளவத்தையில் என் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. "எயிட்ஸ் கந்தோரில இருக்கிற பெட்டையை ஆரடி கட்டுவான்?" என்று கேட்டு, காப்புறுதிக் கந்தோர் என்று சொல்லச் சொன்னவள் அவள்தான். யோகநாதனிடமும் அதையே சொன்னோம். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த அவரை எனக்குப் பேசி முடித்து ஒரு வருடம். தாய் வரக் கப்பலில் இடமில்லை என்று ஒரு தரம், தங்கச்சி பிள்ளைத்தாய்ச்சி என்று ஒரு தரம், கல்யாணத்தை இரண்டு தரம் தள்ளிப்போட்டுவிட்டார். நான் அவருக்குக் கிழமைக்கு ஒரு கடிதம் எழுதுவேன். அவர் தொலைபேசி எடுத்து, "கடிதம் கிடைச்சுது" என்பார். ஒரு வரி பதிலாக எழுதியதில்லை. அவருடைய கையெழுத்து எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

நாற்பத்தொன்றாம் இலக்கக் கடிதம் நாலு பக்கம். சாய்வான, நெருக்கமான எழுத்து. நான் வாசிக்கத் தொடங்கினேன்.

தை மாதம் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பஸ்கள் நின்றுபோனதால் எழுதியவர் கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கியிருக்கிறார். அங்கே மேல் அறையில் வாடகைக்கு இருந்தவள் பேர்ணடெற். வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்தவள். தோடம்பழம் உரித்துக் கொடுத்தாள், "ராசா" என்று கூப்பிட்டாள், சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும் என்று ஒரு பக்கம் போனது. முத்தமிட்டார்கள், தொட்டுக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று அவருடைய வாயில் ஒரு புண் இருந்தது. ஆறாவது கிழமை இரத்தம் சோதித்தார்: இல்லை. மூன்றாவது மாதம் வேறோர் இடத்தில்: இல்லை. போன கிழமை இன்னோர் இடத்தில்: இல்லை. மூன்று இடமும் பிழை விட்டிருக்கலாம் அல்லவா? சோதனைக் குழாய் மாறியிருக்கலாம் அல்லவா?

"ஐயோ, ஒரு முத்தத்துக்கு மூணு தரம் ஊசியா!" என்றாள் ஐறீன். "அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. நாலு பக்கம் எழுத வச்சிட்டாளே."

நான் நாலாம் பக்கத்தைத் திருப்பினேன். 'எனக்கு ஒரு பெண் பேசி முடித்திருக்கிறது. அம்மாவுக்குத் திருகோணமலைக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்று சொல்லி முதலில் தள்ளிப்போட்டேன். தங்கச்சிக்கு வயிற்றில் பிள்ளை என்று பிறகு...'

என் குரல் நின்றது.

"என்ன பிள்ளை, எழுத்து விளங்கேல்லையோ?" என்றார் டொக்டர்.

"ஓம் டொக்டர். கொஞ்சம் கலங்கியிருக்கு."

மிச்சத்தையும் வாசித்தேன். 'பேர்ணடெற்றும் பயந்துகொண்டிருப்பாவோ தெரியாது. அவவும் சோதிக்க வேண்டுமா? எங்கே வரச் சொல்லலாம்?'

"கட்டப்போற பிள்ளதான் பாவம்," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "ஒண்ணும் தெரியாம கூறைச்சேலை பார்த்துக்கிட்டு இருக்கும்."

கூறை எடுத்து ஐந்து மாதம். அலுமாரியில் இருந்தது.

"முத்தத்தாலயும் தொட்டதாலயும் இது வாறதில்லை," என்றார் டொக்டர். "மூண்டு மாதத்தில இல்லையெண்டால் இல்லைத்தான். இந்த மனுசனுக்கு வருத்தம் இரத்தத்தில இல்லை, தலைக்குள்ள. வடிவா எழுதிவிடும்."

"பழைய கையேட்டில ஆறு மாதம் எண்டு கிடக்கே, டொக்டர்?" என்று கேட்டேன்.

"அது பழைய சோதனைக்கு. இப்ப மூண்டு. அந்தக் கையேட்டை இன்னும் எறியேல்லையே?"

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் எழுந்து போனார்கள். நான் உறைப் பெட்டியைத் திறந்தேன். பதில் அனுப்ப வேண்டிய விலாசம், கிருலப்பனையில் உள்ள ஒரு தொலைபேசிக் கடை. யோகநாதன் புதன்தோறும் எனக்கு அழைப்பெடுக்கும் கடை.

நோயைப் பற்றி அப்போது எனக்கு ஒரு நினைவும் வரவில்லை. தோடம்பழம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தேத்தண்ணீர் குடித்து, என் அக்காவோடு விலைவாசி கதைத்துப் போன மனிதருக்கு இப்படி எழுத வருமா? என் கன்னத்தில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளாவது பார்த்திருக்கிறாரா? முகம் தெரியாத ஒரு தபாற்பெட்டிக்கு நாலு பக்கம். எனக்கு, கடிதம் கிடைச்சுது.

கையெழுத்திட்ட தாளைப் பொறியில் செருகினேன்.

'1. மூன்று மாதச் சோதனையை முடிவானதாகக் கொள்ள முடியாது. ஆறு மாதத்தில் ஒன்றும் ஒரு வருடத்தில் ஒன்றும் செய்யவும்.

2. அப்பெண்ணை அதன் பின்னர் எத்தனை தடவை சந்தித்தீர்கள் என்பதை அறியத்தரவும்.'

வாசித்துப் பார்த்தேன். ஒழுங்காக இருந்தது. நிலையத்தின் கடிதம்போலவே இருந்தது. இன்னும் ஒரு வருடம் அவர் நித்திரை கொள்ளமாட்டார் என்று நினைக்க நெஞ்சு குளிர்ந்தது. உறையை எடுத்து விலாசமும் அடித்துவிட்டேன்.

மடிக்கும்போதுதான் அந்த ஒரு வருடத்தை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஊசிக்குக் காத்திருக்கும்போது அவர் யாரை நினைப்பார்? முடிவு வரும்வரை, வாயில் ஒரு கொப்புளம் வந்தால், இரவில் வியர்த்தால், யாருடைய பெயர் வரும்? நான் அவளை இன்னும் ஒரு வருடம் அவருடைய தலைக்குள் வாடகையில்லாமல் குடிவைக்கப்போகிறேன். இரண்டாவது கேள்விக்குப் பதிலாக அவளைப் பற்றி இன்னும் நாலு பக்கம் வரும். அதையும் நானே இந்த மேசையில் உரக்க வாசிப்பேன்.

கிழித்துப்போட்டேன். இரண்டாம் தாளைச் செருகினேன்.

'1. நீங்கள் விவரித்த தொடர்பால் இந்நோய் தொற்றுவதில்லை.

2. மூன்று மாதத்திலும் அதன் பின்னரும் இல்லை என்று வந்த சோதனைகள் முடிவானவை. மூன்று வேறு இடங்களும் ஒரே பிழையை விட்டிருக்கும் என்று நினைக்க இடமில்லை. இனிச் சோதிக்க வேண்டாம்.

3. அப்பெண் உங்களால் பயப்பட ஒன்றுமில்லை. அவர் தம் விருப்பத்தில் வர நினைத்தால் செவ்வாய்க் காலை வரலாம். தாதி ஒருவர் இருப்பார்.

4. திருமணத்துக்கு மருத்துவ ரீதியில் தடை எதுவும் இல்லை.'

செவ்வாய்க் காலை நானும் இருப்பேன். வந்தால் இடது கன்னத்தைப் பார்க்கலாம். அதற்காகத்தான் மூன்றை எழுதினேனா என்று கேட்டால், ஓமென்றுதான் சொல்ல வேண்டும்.

நாலாவதோடு நிறுத்தியிருக்கலாம். டொக்டர் அதற்கு மேல் சொல்லவில்லை. ஆனால் அந்த வரியை அடித்தபோது என் கல்யாணத்துக்கு நானே அத்தாட்சி கொடுத்ததுபோல விரல்கள் கூசின. ஐந்து என்று இலக்கம் போட்டேன்.

'5. மற்றதை, நடந்ததைச் சொல்லிவிட்டு, உங்களுக்குப் பேசிய பெண்ணிடம் கேளுங்கள். அவருக்கு விருப்பம் இருக்கிறதா என்பது எங்களுக்குத் தெரியாது.'

அது பொய்யில்லை. எனக்கும் தெரியாது.

மடித்து உறையில் வைத்தேன். ஒட்டுப்பசை காய்ந்திருந்ததால் நாக்கால் நனைத்து, உள்ளங்கையால் மூன்று தரம் அழுத்தினேன். படியிறங்கி, சென்ரியில் ஆமிக்காரருக்குப் பையைத் திறந்து காட்டி, தபாற்கந்தோருக்குப் போனேன்.

"ரெஜிஸ்டர் கரன்னத மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார் உள்ளே இருந்தவர்.

"எப்பா அய்யே," என்று வேண்டாமென்றேன். பதிவுத்தபால் என்றால் அனுப்புபவரின் பெயர் எழுத வேண்டும்.

முத்திரையை ஒட்டி, கடிதத்தைப் பெட்டியின் வாய்க்குள் தள்ளிவிட்டேன்.