ரஞ்சிதா காட்டிய கம்ப்யூட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகலூர் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்குள் கருப்பசாமி குடும்பத்தோடு நுழைந்தபோது, சாமி படத்துக்குக் கடைக்காரன் ஜெகதீஷ் ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தான். "தம்பி, நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு காட்டுங்க!" என்று கருப்பசாமி போட்ட போட்டில் ஊதுபத்திச் சாம்பல் கீபோர்டு மேல் உதிர்ந்தது. யாரோ சண்டைக்கு வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பான். பின்னாலேயே பொற்கொடி புதுச்சேலையிலும், பத்து வயது ரஞ்சிதா பட்டுப்பாவாடையிலும் கல்யாணத்துக்கு வருகிறவர்களைப் போல வந்து நின்ற பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. அவனுக்கு என்ன தெரியும், பாவம். கருப்பசாமி ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இந்தக் கர்நாடக எல்லையோர ஊருக்குப் பிழைக்க வந்தவன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வைத்தால் மேலிருந்து மிஷின் இறங்கி 'தடாங்' என்று ஒரு அடி. எடுத்து வைத்தால் இன்னொரு அடி. ஷிப்டு முழுக்க அதைக் கேட்டால் காது என்ன இரும்பா? மந்தமாகிவிட்டது. இதைப் பற்றிக் கம்பெனியில் அவன் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் லைனை விட்டு எடுத்துவிடுவார்கள், அப்புறம் கேட்டில் நின்று சலாம் போடுகிற வேலைதான். சூப்பர்வைசர் பேசினால் வாயையே பார்ப்பான். புரியாவிட்டால் சிரிப்பான். சிரிப்பும் பொருந்தாத இடமென்றால் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து ஆள் என்ன செய்கிறானோ அதையே செய்வான். சொன்ன பேச்சைத் தட்டாத ஆள் என்று நல்ல பேர் வேறு. வீட்டுக்கு வந்து இதையெல்லாம் நடித்துக் காட்டி மகளைச் சிரிக்க வைப்பான். "யார்ட்டயும் சொல்லிப்புடாத தாயி, சொன்னா அப்பனை எடுத்துருவாங்க" என்று உதட்டில் விரலை வைப்பான். அவளும் வைப்பாள்.

இப்போது கம்ப்யூட்டர் வாங்க வந்ததே ரஞ்சிதாவின் படிப்புக்காகத்தான். அஞ்சாங்கிளாஸ், இங்கிலீஷ் மீடியம். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சு மாதிரி எழுதுவாள். டிக்டேஷன் என்றால் முட்டை. கிளாஸ் மிஸ் பொற்கொடியைக் கூப்பிட்டு, பிள்ளை கவனிப்பதே இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, இப்படியே போனால் அடுத்த வருஷமும் இதே கிளாஸில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் நல்லது. பாடமெல்லாம் இப்போது சிடியில் வருகிறது, நடுவில் ஒரு பாட்டு, ஒரு விளையாட்டு என்று போனால் தானாக ஆர்வம் வரும். அன்றைக்கு வந்த கோபத்தில் கருப்பசாமி, "கூப்பிட்டாத் திரும்ப மாட்டியாமே, அம்புட்டுத் திமிரா?" என்று மகளின் முதுகில் ஒரு அறை வைத்தான். பிள்ளை அழவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் மேலே போக, இவள் மட்டும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதா? தலையை அடகு வைத்தாவது வாங்கிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டான்.

"பாப்பா படிக்கறதுக்கு மட்டுமா சார், இல்ல படம் கிடம் பாப்பீங்களா?" என்று ஜெகதீஷ் கேட்டான்.

கருப்பசாமி அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "ரெண்டுக்கும்தான் தம்பி. வெறும் படிப்புன்னா இவ அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டா. பாட்டு நல்லாக் கேக்கணும். அதான் முக்கியம்" என்றான்.

மேசைமேல் வரிசையாகச் சில கம்ப்யூட்டர்கள். ஒன்று பழைய டிவி போல முதுகு பெருத்தது. அதற்குப் பக்கத்தில் ஒல்லியான திரையோடு ஒன்று. கோடியில் இருந்ததற்கு இரண்டு பக்கமும் காவல்காரர்கள் மாதிரி உயரமான ஸ்பீக்கர். கருப்பசாமிக்கு மூன்றுமே பிடித்திருந்தது. பொற்கொடிக்கு வேறு கவலை. இருப்பது ஒரே அறை, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இது நுழையுமா, தூசி விழாமல் எதைப் போட்டு மூடுவது? எதிர்ச் சுவரில் பூப்போட்ட உறைகள் தொங்குவதைப் பார்த்ததும் அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள். ஜெகதீஷ் ஒல்லித் திரையில் ஒரு பாட்டைத் தட்டிவிட்டான். திரையில் நீலமும் ஊதாவுமாகக் கோடுகள் எழும்பிச் சுழன்றன. அந்த நேரம் பார்த்து அவனுடைய செல்போன் அடித்தது. "ஹேளி சார்" என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தெலுங்குக்கு மாறி, வாசலுக்குப் போய்விட்டான்.

ரஞ்சிதா ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து வண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கருப்பசாமி குனிந்து காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே லாரிகள் வேறு உறுமிக்கொண்டிருந்தன. அவனுக்கு இது புதுசா என்ன? மகளுக்கு முன்னால் வந்து நின்று, "அப்பன் காதை நம்பிப் புண்ணியமில்ல தாயி. நீ கேட்டுச் சொல்லு. பாட்டு நல்லாக் கேக்குதா?" என்றான்.

"சூப்பராக் கேக்குதுப்பா" என்றாள் ரஞ்சிதா.

"அந்தப் பெரிய ஸ்பீக்கர் வச்சது வேணாமா?"

"இதே போதும்ப்பா. இதுலதான் பாட்டு நல்லாருக்கு."

அப்படியென்றால் முடிந்தது. கருப்பசாமி பெருமையாக மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டான். பூப்போட்ட உறை ஒன்றோடு வந்த பொற்கொடி திரையைப் பார்த்தாள், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு, "ஏங்க, இதுல பாட்டே வரலியே?" என்று கத்திச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு உள்ளே வந்த ஜெகதீஷ், "இதுக்கு ஸ்பீக்கர் இன்னும் மாட்டலைங்கக்கா. சும்மா ஸ்கிரீன் காட்டலாம்னு போட்டேன்" என்றான்.

கருப்பசாமி முதலில் சிரிக்கத்தான் செய்தான். "அடி கழுத, அப்பனையே ஏமாத்துறியா!" என்றான். பொற்கொடி சிரித்தாள், ஜெகதீஷும் சிரித்தான். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து ரஞ்சிதாவும் சிரித்தாள். தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கருப்பசாமிக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்தச் சிரிப்பு யாருடையது என்று அவனுக்குத் தெரியாதா? அந்தத் தலையாட்டல் யாருடையது? சூப்பர்வைசர் முன்னால் தினமும் அவன் நிற்கிற மாதிரியே அச்சு அசலாக உட்கார்ந்திருந்தது பிள்ளை.

அவன் ஸ்டூலுக்குப் பின்னால் போய் நின்றான். அவள் மறுபடி வண்ணங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். "ரஞ்சிதா" என்று மெதுவாகக் கூப்பிட்டான். மெதுவாகக் கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் குரல் உடைந்து வந்தது. அவள் அசையவில்லை. மற்றவர்கள் பேசுகிற அளவுக்குக் குரலை ஏற்றி, "தாயி" என்றான். நீலம் போய்த் திரையில் பச்சை வந்தது, அவள் அதற்குக் கைதட்டினாள். கடைசியில் பிரஸ் ஷாப்பில் அடுத்த மிஷின்காரனைக் கூப்பிடுவது போல அடிவயிற்றிலிருந்து, "ஏ ரஞ்சிதா!" என்றான். ரோட்டில் போன ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னப்பா?" என்று திரும்பினாள் மகள்.

பொற்கொடியின் கையிலிருந்த உறை நழுவிக் கீழே விழுந்தது. பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா என்று யாரும் கேட்கலாம். போயிற்றே! அந்த வீட்டில் மெதுவாகப் பேச யாருக்கும் வராது. அவனுக்குக் கேட்கவேண்டுமென்று அவள் கத்த, அவன் அதைவிடக் கத்த, கத்தலிலேயே வளர்ந்த பிள்ளை கத்தினால் திரும்பியது. வெளியில் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கார கெம்பம்மா பேசுவது கன்னடம், அடுத்த வீட்டில் தெலுங்கு. பின்னாலிருந்து கூப்பிட்டுப் பிள்ளை திரும்பாவிட்டால், பாவம் இன்னும் பாஷை பிடிபடவில்லை என்று கெம்பம்மா கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள். பள்ளிக்கூடத்தில் அது திமிராகிவிட்டது.

"ரெண்டாங்கிளாஸ்ல காதுல சீழ் வந்துச்சேங்க" என்றாள் பொற்கொடி. "பூண்டு போட்டு எண்ணெ காச்சி ஊத்துனேன். வலி நின்னுருச்சுன்னு சொன்னா. நானும் விட்டுட்டேனே, பாவி!"

கருப்பசாமி மகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். அவள் பார்க்கும்படி வாயைத் திறந்து கேட்டான். "பாட்டு கேக்கலியா தாயி?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். ஜெகதீஷைப் பார்த்தாள். பிறகு, இல்லை என்று தலையசைத்தாள்.

"மிஸ் பேசுறது?"

"வாய் மட்டும் தெரியும். திரும்பி நின்னு போர்டுல எழுதிட்டே பேசுனா ஒண்ணும் தெரியாதுப்பா. நீ பேசுனா நல்லாக் கேக்குது."

"அப்பா கிட்டச் சொல்றதுக்கென்ன கண்ணு? ஏன் சொல்லல?"

ரஞ்சிதா கடைக்காரனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவன் முகத்தருகே குனிந்தாள். ரகசியம் என்றுதான் அவள் நினைத்திருக்கவேண்டும். கடை முழுக்கக் கேட்டது. "சொன்னா எடுத்துருவாங்கல்லப்பா. கிளாஸ விட்டு எடுத்துருவாங்கல்ல?"

எத்தனை நாள் இந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்! கருப்பசாமியாவது சம்பளத்துக்காக நடித்தான். இது எதற்காக? முதுகில் அறைந்த கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி, டாக்டர், பெங்களூர் என்று ஜெகதீஷ் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வாயை நிமிர்ந்து பார்க்கக் கருப்பசாமியால் முடியவில்லை. பொற்கொடி அந்த உறையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அம்மா அழுவதை ரஞ்சிதா பார்த்தாள். அவளுக்கு முகம் மாறிவிட்டது. தப்பான கம்ப்யூட்டரைச் சொல்லிவிட்டோம் என்று எண்ணிக்கொண்டாள் போலிருக்கிறது. ஸ்டூலிலிருந்து அவசரமாக இறங்கி, உயரமான ஸ்பீக்கர் வைத்ததைக் காட்டி, "அப்ப இது வேணாம்ப்பா. அதுலதான் நல்லாக் கேக்குது" என்றாள். அதை இன்னும் போடவே இல்லை, திரை கறுப்பாக இருந்தது. அம்மா அழுகையை நிறுத்தவில்லை. விரல் முதுகு பெருத்ததற்குத் தாவியது. "இல்லம்மா, இது. இதுதாம்மா. இதுல ரொம்ப நல்லாக் கேக்குது."

சொல்லிவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். கருப்பசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நீட்டிய விரலை இறக்காமல், அவன் உதட்டையே பார்த்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள்.