ஐந்து எண்ணும் நேரம்

சட்டையின் வலது கைநுனியில் அந்த நீலக் கறை அப்படியே இருந்தது. இஸ்திரிப் பெட்டியை மூன்றாவது தடவையாக அதன்மேல் அழுத்தினாள் மகள், சூட்டுக்குப் பயந்து கறை ஓடிவிடும் என்பதுபோல.

"விடும்மா, அது போகாது" என்றாள் அம்மா. "மார்க்கர் போர்டைக் கையாலயே துடைச்சுத் துடைச்சு வாங்கின கறை. டஸ்டர்னு ஒண்ணு இருக்குங்கன்னு முப்பத்தோரு வருஷமா சொல்லிட்டேன். கேட்டாத்தானே?"

"இது வேணாம்மா. வேற சட்டை குடு."

"ஏன்? அவருக்குப் பிடிச்சதே இதுதான்."

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். காலை ஐந்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் அப்பாவின் மூச்சு நின்றது. பதினொரு மணிக்குள் உடுப்பு அங்கே போய்ச் சேர வேண்டும். இரண்டு மணிக்கு அவர் வீட்டுக்கு வருவார். இதற்கு நடுவில் இந்தச் சட்டையா வர வேண்டும்? இதை ஏறக்குறைய நானூறு பேராசிரியர்கள் திரையில் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்க வைத்தவள் அவள்தான்.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வாத்தியார்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுக்கும் வேலை. மூன்று நாள் பயிலரங்கம், மாதத்துக்கு ஒன்று. "வாத்தியாருக்கே வாத்தியாரா? விளங்கின மாதிரிதான்" என்று மாமா கேலி செய்வார். அப்பா மட்டும் கேலி செய்ததில்லை. அவர் ஊரின் இன்னொரு கோடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தினார். மாணவர்கள் அவருக்கு வைத்த பேர் எக்ஸ்பிரஸ். எந்த இடத்திலும் நிற்க மாட்டார் என்பதால்.

மூன்று வருஷம் முன்பு, "உங்க கிளாஸை ஒரு நாள் ரெகார்ட் பண்ணிக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவர் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டார். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுத்தாள். நான்கு நிமிடத்தில் பதினெட்டுக் கேள்வி கேட்டார் அப்பா. ஒன்றுக்குக்கூடப் பதில் வரும்வரை நிற்கவில்லை. கேட்ட வாயாலேயே பதிலையும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் பாய்ந்தார். பாடமெடுப்பதில் என்னென்ன செய்யக் கூடாது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று அவளுக்குப் பட்டது. முகத்தை மங்கலாக்கினாள், பேரை எடுத்தாள், 'தவிர்க்க வேண்டியவை' என்று தலைப்புப் போட்டாள். படம் ஓடும்போதெல்லாம் அரங்கம் சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் அவள் சொல்வாள்:

"கேள்வி கேட்டா மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. அந்த அஞ்சு செகண்ட் அஞ்சு வருஷம் மாதிரி இருக்கும். இருக்கட்டும். எதிர்ல இருக்கறவங்க யோசிக்கறாங்க. அதை நீங்க கெடுக்காதீங்க."

போன வருஷம் ஓய்வுபெறப் போகிறவர்கள் உட்பட எல்லாரும் பயிலரங்கத்துக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அப்பா வந்தார். புது நோட்டு, புதுப் பேனா. "என் பொண்ணுதான் இன்னிக்கு எனக்கு டீச்சர்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது மேடைவரை கேட்டது. அவள் அந்தப் படத்தைத் தன் மடிக்கணினியில் இருந்த பாடத் தொகுப்பிலிருந்து முதல் நாளே நீக்கிவிட்டிருந்தாள். ஆனால் காலையில் அந்த மடிக்கணினி புரொஜெக்டரோடு ஒத்துவரவில்லை. கூட நடத்துகிறவள் அவசரத்துக்குத் தன்னுடையதைச் செருகினாள். அதில் பழைய தொகுப்பு அப்படியே இருந்தது.

மகள் போர்டில் எழுதிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

அரங்கம் சிரித்தது. "என்னங்க இது, பாடம் நடத்துறாரா ரயில் ஓட்டுறாரா?" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் அப்பா பேனா மூடியைக் கழற்றி, குனிந்து எழுத ஆரம்பித்திருந்தார். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே என்று அவள் நிறுத்தவில்லை. படம் முடிந்ததும் வழக்கமாகச் சொல்வதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள்.

தேநீர் இடைவேளையில் அவர் கப்போடு பக்கத்தில் வந்து நின்றார். "நீ நல்லா நடத்துறேம்மா. அந்த அஞ்சு எண்ணற விஷயம் நல்ல விஷயம்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம், ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்கலாம் என்று எட்டு மாதம் ஓட்டினாள்.

"பட்டன் ஒண்ணு லூசா இருக்கு" என்று அம்மா சட்டையை வாங்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். "கொஞ்ச நாளா நீ ஏன் அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசறதே இல்ல?"

"நானா? அவர்தான்மா எங்கிட்டப் பேசறதை நிறுத்திட்டாரு!"

அது உண்மை என்றுதான் அவள் இதுவரை நம்பியிருந்தாள். முன்பெல்லாம் அப்பாவின் போன் ஒரு நிமிடம்தான். சாப்டியா, சாப்டிருப்ப, வேலை எப்படி, நல்லாத்தான் இருக்கும், இந்தா அம்மா பேசறா. பயிலரங்கத்துக்குப் பிறகு அது மாறிவிட்டது. "எப்படிம்மா இருக்கே?" என்பார். அப்புறம் ஒன்றுமே வராது. சுவர்க்கடிகாரம் மட்டும் கேட்கும். கோபம், மனசு ஆறவில்லை, பேசப் பிடிக்காமல் கடமைக்குக் கூப்பிடுகிறார் என்று அவளுக்குள் குறுகுறுக்கும். "நல்லா இருக்கேன்பா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாள்.

"யாரு, அவரா?" அம்மா ஊசியைச் சட்டையில் குத்தி நிறுத்தினாள். "அடிப்பாவி. போனை எடுத்துட்டு அந்த நாற்காலில உட்காருவாரு. எப்படிம்மா இருக்கேன்னு கேட்டுட்டு, இந்தா, இப்படி..." இடது கையைத் தூக்கிச் சுண்டுவிரலை மடக்கினாள். பிறகு அடுத்த விரல். "'அஞ்சு எண்ணணும், எம்பொண்ணு சொல்லிக்குடுத்திருக்கா'ம்பாரு. நான் நடுவுல வாயைத் தொறந்தா, 'உஷ், அவ யோசிக்கறா'ன்னு கையைக் காட்டுவாரு. ரெண்டு, மூணு வர்றதுக்குள்ள நீ வெச்சிடுவே. 'இன்னிக்கு மூணு வரைக்கும் போச்சு'ன்னு எங்கிட்ட வந்து சொல்லுவாரு. ஒரே ஒரு நாள் நாலு. அன்னிக்கு ரெண்டு இட்லி கூட... இல்ல, அது வேற நாள்."

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அப்பா கேட்டார்: "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமாம்மா?" போர்வைமேல் அவர் விரல்கள் அசைந்தன. வலியில் துடிக்கிறார் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டாள். "பேசாதீங்கப்பா, டாக்டர் திட்டுவாரு. நாளைக்குப் பேசிக்கலாம்" என்று மாஸ்க்கை மறுபடி வைத்து அழுத்தினாள். எத்தனை விரல் மடங்கியிருந்தது? எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"அம்மா, நான் அவரை வெச்சு ஒரு படம்..."

"தெரியும்டி. 'சினிமால நடிச்சுட்டேன்'னு சிரிச்சுட்டேதான் சொன்னாரு." அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆனா பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் சோறு இறங்கல மனுஷனுக்கு."

அதற்குமேல் அடக்க முடியாமல் மகள் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டும் சத்தம் வெளியே வந்தது. அம்மா தடுக்கவில்லை. மாமா வாசலில் வந்து நின்று, சட்டை வைத்த பையை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு மணிக்கு அப்பா வந்தார். கூடத்தில் நாற்காலிகளை ஓரம் கட்டி நடுவில் கிடத்தினார்கள். சட்டை கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. கைநுனிக் கறை வெளியே தெரிந்தது. கல்லூரியிலிருந்து வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். "எக்ஸ்பிரஸ் சார்" என்று ஒரு பெண் தேம்பினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையைக் கிள்ளினாள். "இருக்கட்டும்மா, அவருக்கு அந்தப் பேரு பிடிக்கும்" என்றார் மாமா. "இப்பவும் பாருங்க, யாருக்காகவும் நிக்காமக் கிளம்பிட்டாரு."

நான்கு மணிவாக்கில் கூட்டம் கலைந்தது. அவரை எடுத்துப் போக ஒரு மணி நேரம் இருந்தது. அம்மா மகளின் முழங்கையைத் தொட்டாள்.

"அந்தப் படம் உங்கிட்ட இருக்கா?"

"எதுக்கும்மா இப்போ?"

"அவரு குரல் வேற எதுலயுமே இல்ல. போட்டோதான் இருக்கு."

மகள் மடிக்கணினியை எடுத்து வந்து அப்பாவின் பக்கத்தில் தரையில் வைத்தாள். தலைப்பு அம்மாவின் கண்ணில் படாதிருக்கத் திரையின் மேல்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. போர்டையும் சட்டையையும் பார்த்தாள். கழுத்துக்கு மேலே இருந்த மங்கல் வட்டத்தை விரல் நுனியால் தடவினாள்.

"மூஞ்சியை ஏன்டி அழிச்சே?"

மகள் ஒலியைக் கூட்டினாள். படத்தை ஓடவிட்டாள். அப்பா கைநுனியால் போர்டைத் துடைத்துவிட்டுத் திரும்பினார். குரல் கூடத்தில் கணீரென்று எழுந்தது. மாமா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஐஸ் உருகுது. நாம சூடு குடுத்துட்டே இருக்கோம். ஆனா தெர்மாமீட்டர்ல ஒரு டிகிரிகூட ஏறல. அப்போ, குடுத்த சூடெல்லாம் எங்க போச்சு?"

அவர் தானே பதில் சொல்ல வாயெடுக்கும் முன் மகள் படத்தை நிறுத்தினாள்.

கையைப் பாதி தூக்கியபடி அப்பா திரையில் நின்றார். சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அம்மாவின் மடியில் சுண்டுவிரல் மடங்கியது. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. கடைசியில் கட்டைவிரலும் மடங்கியது.

"அஞ்சு ஆச்சு" என்றாள் அம்மா. "இப்போ போடும்மா."