பெரியப்பா பிடித்த நான்கு திருடர்கள்

பெரியப்பா முப்பது வருடம் தொலைபேசி அலுவலகத்தில் இருந்தவர். விடுப்புக் கடிதங்களுக்கு எண் போடும் மேசையில்தான் இருந்தார் என்பதை அவராகச் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஓய்வு பெற்றபின் ‘இலவச மென்பொருள் அன்பர்கள்’ என்று ஒரு குழு ஆரம்பித்தார். அன்பர்கள் நாற்பத்திரண்டு பேர். சும்மா கிடைப்பது எதுவானாலும் தம் கணினியில் இறக்கிவிடுவார். வேகம் கூட்ட மூன்று, வேகம் அளக்க இரண்டு, வைரஸ் வராமல் காவல் காக்க நான்கு. காவல்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்ததில் கணினி கண் விழிக்கவே கால் மணி நேரம் ஆகும். கைபேசிக்கென்று தனியாக இணையம் வாங்குவது அந்த வீட்டில் குலத்துரோகம். எல்லோருக்கும் ஒரே வைஃபைதான்.

அன்று பதினொரு மணிக்கு, அவர் வீட்டிலேயே தங்கியிருந்த தம்பி மகளுக்கு நேர்காணல். கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. திரையில் முகம் பார்த்துப் பேசுவார்களாம். இரண்டு வருடத்தில் வந்த ஒரே அழைப்பு. ஒன்பதரைக்கே தலைவாரி மடிக்கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பத்தேகாலுக்கு இணையம் நின்றது. மோடத்தை அணைத்துப் போட்டாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். மோடத்தில் எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரிந்தது.

பெரியப்பாவின் அறைக்கு ஓடினாள். அவர் முகத்தில் கல்யாணக் களை.

“வாம்மா. நாலு திருடனைப் பிடிச்சிருக்கேன்.”

காலையில் புதிதாக ஒன்றை இறக்கியிருந்தார். வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும். ஒரு தட்டில் ஆளைத் துண்டிக்கும். அவர் கணினி போக நான்கு வரி இருந்தது: ‘அறியாத கருவி’ ஒன்று முதல் நான்கு வரை. பக்கத்து வீட்டார் வேலை என்று அங்கேயே தீர்ப்பு எழுதி, நால்வரையும் துண்டித்துவிட்டார். குழுவுக்கு அறிவித்தாயிற்று. பதினொரு மணிக்கு நேரலையில் காட்டப் போகிறார்.

நால்வரில் ஒருவன் தன் மடிக்கணினிதான் என்றாள். உன் பெயர் எங்கே இருக்கிறது காட்டு என்றார். அந்த ஒருவனையாவது விட்டுவிடும்படி கெஞ்சினாள். நால்வர் என்று எழுதிவிட்டு மூவரைக் காட்டினால் அன்பர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். மணி பத்து நாற்பது.

தங்கையோடு பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் அறுந்துபோக, கைபேசியும் கையுமாகப் பெரியம்மா வந்தாள். பட்டியலைப் பார்த்தாள்.

“ஏங்க, இந்த வீட்டுல நெட்டு உள்ள சாமான் எத்தனை? இது போக அவ கம்ப்யூட்டர், என் போன், உங்க போன், ஹால் டிவி. எண்ணிப் பாருங்க.”

“அது தற்செயல்,” என்றார் பெரியப்பா. ஆனால் கை மெல்ல ‘விடுவி’ என்ற பொத்தானை அழுத்தியது. துண்டிப்பது இலவசம், சேர்த்துவைக்கப் பணம் கட்ட வேண்டும் என்று திரை சொன்னது.

மணி பத்து ஐம்பத்தொன்று.

“எந்திரிங்க,” என்றாள் பெரியம்மா. “இப்போ இந்த வீட்டுல நெட்டு இருக்கறது உங்க நாற்காலிக்கு மட்டும்தான்.”

“அப்போ என் நேரலை?”

“உங்க திருடனுங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க.”

பெரியப்பாவின் நாற்காலியில் அவள் உட்கார்ந்து, பத்து ஐம்பத்தொன்பதுக்கு இணைப்பு கிடைத்தது. கப்பலின் அடித்தகடு பற்றி அதிகாரி கேட்கும்போதே, கணினியில் ஆயிரத்து இருநூறு குறைகள் இருப்பதாக ஒரு காவல்காரன் அவர் முகத்தை மறைத்தான். அதைத் தள்ளினால் இன்னொருவன். அவள் ஒவ்வொருவனாக ஓரங்கட்டிக்கொண்டே பதில் சொன்னாள். அடிக்கடி எதை நகர்த்துகிறாய் என்று அவர் கேட்டார்.

“இங்க கொஞ்சம் கூட்டம் சார்.”

வெளியே, நேரலை தாமதம் என்று அன்பர்களுக்குச் சொல்லக் கைபேசியை எடுத்த பெரியப்பா, இணையம் இல்லாமல் பால்கனிக்குப் போனார். கையை உயர்த்திப் பார்த்தார். மாடிப்படியில் ஏறினார், இறங்கினார். கதவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம் வந்து, ஒரே ஒரு நிமிடம் உள்ளே விடும்படி கிசுகிசுத்தார். நாற்பத்திரண்டு பேர் காத்திருக்கிறார்களாம்.

உள்ளிருந்து, “திங்கக்கிழமையே வந்துடறேன் சார்,” என்ற குரல் கேட்டது.

பெரியம்மா தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.